பூனை படுக்காத சாய்வு

மேலூர்க்காரி ஒருத்தி தண்ணீர்ச் சபைக்குத் தலைவியாகிவிட்டாள் என்றதும் எத்தனை நாள் தாங்குவாள் என்று கீழூரில் பந்தயம் கட்டினார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும்கூடத் தாங்க மாட்டாள் என்று மளிகைக்கடை ரெனான் சொன்னாராம். இப்படிப்பட்ட பேச்சு என் காதுக்கு வராமல் போகுமா? அன்றைக்கே அவர் கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கினேன். "தோன் ரெனான், நான் தாங்குவேன்னு என் பேர்லயும் ஒரு பந்தயம் போட்டு வைங்க" என்று, பெரியவர்களுக்குப் போடுகிற தோன் பட்டம் குறையாமல் சொல்லிவிட்டு வந்தேன். கடையில் நின்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் ரொசிபெல் சவுசேதா. வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாதவள் என்று ஊரில் எனக்குப் பெயர். யாரும் பொய்யாக வைத்த பெயரில்லை அது.

லாஸ் தெஹேராஸ் ஓடு சுடுகிற ஊர். ஹோண்டுராஸில் இந்த மலைப்பக்கம் எந்தக் கூரையைப் பார்த்தாலும் அதில் எங்கள் ஓடு இருக்கும், எங்கள் ஆள் ஏறியிருப்பான். கீழூரில் கோவில், பள்ளிக்கூடம், கடைவீதி, வீட்டுக்கு வீடு குழாய். மேலூரில் நாங்கள். எங்களுக்குக் குழாய் கிடையாது. ஓடையில் இறங்கி வாளியில் சுமந்துகொண்டு மேலே ஏற வேண்டும். சோளம் கழுவிய தண்ணீரில் பாத்திரம், பாத்திரம் கழுவிய தண்ணீரில் தரை, மிச்சம் வாழைக்கு. மழை தொடங்கினால் ஓடை கலங்கிவிடும், பிள்ளைகளுக்கு வயிறு போகும். போன மழையில் என் தங்கை மகன் தாரியேல் ஆஸ்பத்திரிக்குப் போய் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். அவனைத் தூக்கிப் பார்த்தேன், கோழிக்குஞ்சு கனம்கூட இல்லை. இனி ஒரு கை பார்த்துவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்துதான் தேர்தலில் நின்றேன்.

மேலூருக்குக் குழாய் கேட்டபோதெல்லாம் கீழூர் ஒரே பதிலைத்தான் சொல்லும்: தண்ணீர் போதாது. ஆற்றில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. சுத்திகரிப்பு நிலையம்தான் சின்னது. இரண்டு ஊருக்கும் மேலே மலைச்சரிவில் இருக்கிறது அது. ஆற்றுத் தண்ணீரில் படிகாரம் கலந்து பெரிய தொட்டியில் விடுவார்கள். சேறு மெதுவாக அடியில் இறங்கும். மேலே தெளிந்த தண்ணீர் மணல் வழியாகப் போய், குளோரின் கலந்து, கீழூருக்கு இறங்கும். கூடுதலாகத் தண்ணீர் விட்டால் சேறு இறங்க நேரமில்லாமல் கலங்கலாகவே போய்விடும். இன்னொரு தொட்டி கட்டலாம் என்றால் இடம் எங்கே? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

தலைநகரிலிருந்து வந்த இஞ்சினியர் யெஸேனியாதான் வழி சொன்னாள். முப்பது வயசுப் பெண், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தொட்டிக்குள் இறங்கி அளந்தாள். புதுத் தொட்டியே வேண்டாமாம். இருக்கிற தொட்டிக்குள்ளே பிளாஸ்டிக் தகடுகளைச் சாய்த்து வரிசையாக நிறுத்த வேண்டும், இரண்டு தகட்டுக்கு நடுவில் இரண்டு விரல் இடைவெளி விட்டு. தண்ணீர் கீழேயிருந்து அந்த இடுக்குகள் வழியாக மேலே ஏறும்.

"இப்ப சேறு தொட்டி அடி வரைக்கும் இறங்கணும். தகடு இருந்தா ரெண்டு விரக்கடை இறங்குனாப் போதும், தகட்டுல உட்கார்ந்துடும். அப்புறம் வழுக்கிக்கிட்டு அடிக்குப் போயிடும். இதே தொட்டி ரெட்டிப்புத் தண்ணி தரும், தோன்யா ரொசிபெல்."

"அப்ப மேலூருக்கு?"

"மேலூருக்கும் வரும்."

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. கட்டிக்கொண்டும் விட்டேன். பூட்ஸ் சேறு என் பாவாடையெல்லாம் ஆனது.

ஊர்க் கூட்டம் முனகிக்கொண்டே சம்மதித்தது. உதவி நிறுவனம் ஒன்று தகடு கொடுத்தது, வேலை ஊராருடையது. வீட்டுக்கு ஒரு ஆள் முறைபோட்டு வர வேண்டும். தலைமைக் கொத்தனார் எலியோதோரோ. வேறு யார் இருக்க முடியும்? இந்த ஊரில் பாதிக் கூரை அவர் கையால் போட்டது. அவர் என் மகளுக்கு ஞானத்தகப்பனும்கூட. அதனால் எனக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு நான் கொமாத்ரே. கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், புருஷனோடு போடலாம், கொம்பாத்ரேயோடு போட முடியாது. கோவில் தீர்த்தத்தை நடுவில் வைத்துக் கட்டிய உறவு அது. முகத்துக்கு நேரே ஒரு கடுஞ்சொல் வரக் கூடாது. புயல் வந்து என் வீட்டுக் கூரை பறந்த வருஷம் என் புருஷன் உயிரோடில்லை. நான் கேட்பதற்கு முன்னாலேயே எலியோதோரோ ஏணியோடு வந்து நின்றார். இதெல்லாம் மறக்கிற விஷயமா?

தகடு வந்த வாரம் மலை சரிந்து சாலை அடைபட்டுவிட்டது. யெஸேனியாவால் வர முடியவில்லை, வரைபடத்தை மட்டும் போனில் அனுப்பினாள். எலியோதோரோ அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் பிடித்துப் பார்த்தார், என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். மதியம் தொர்த்தியா ரொட்டியும் பீன்ஸும் கொண்டுபோனேன். தகடு தாங்குவதற்குச் சுவரில் சிமெண்டு விளிம்பு கட்டிக்கொண்டிருந்தார்.

"கொம்பாத்ரே, படத்துல இன்னும் நட்டமா இருக்கிற மாதிரி தெரியுதே?"

"அவ்ளோ நட்டமா வெச்சா சேறு எங்க உட்காரும், கொமாத்ரே? வழுக்கிக் கீழ போயிடாதா?"

"வழுக்கிப் போகணும்னுதான் அந்தப் பொண்ணு சொன்னா."

"நல்ல பொண்ணு. படிச்ச பொண்ணு. ஆனா ஒரு கூரை போட்டிருக்காளா? நீங்களே சொல்லுங்க. நல்லாப் படுக்கையா வெச்சா தகட்டுல இடம் அதிகம், சேறும் அதிகமாப் பிடிக்கும். சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும்."

மறுநாளும் சொன்னேன். அதற்கடுத்தும் சொன்னேன். கடைசியில் அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார், "உங்க வீட்டுக் கூரை ஒழுகுதா?"

"இல்ல."

"அப்ப விடுங்க."

வேறு எவனாவது இருந்தால் கரண்டியைப் பிடுங்கியிருப்பேன். கொம்பாத்ரேயாகப் போய்விட்டார். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், தகடு போட்டுத் தண்ணீர் திறந்த முதல் வாரம் கண்ணாடி மாதிரி வந்தது. ரெட்டிப்பாகத் திறந்தும் கலங்கவில்லை. ரெனானே கடையில் என்னைப் பார்த்து, "பரவாயில்லையே" என்றார். எலியோதோரோ என்னைப் பார்த்துத் தொப்பியை லேசாகத் தூக்கினார், அவ்வளவுதான். எனக்கு உச்சி குளிர்ந்தது. அவர் சொன்னதுதான் சரி போல, நான்தான் வாயாடி என்று நினைத்துக்கொண்டேன். மேலூரில் குழாய் பதிக்க எங்கே தோண்டலாம் என்று பிள்ளைகள் குச்சி நட ஆரம்பித்தார்கள்.

பிறகு சான் இசித்ரோ திருவிழா வந்தது. திருவிழாவுக்கு முந்தைய நாள் அந்த மழைக்காலத்து முதல் பெருமழை. சான் இசித்ரோ மழை கொடுக்கிற புனிதர், அவர் கடமையை அவர் செய்தார். விடிந்ததும் கீழூர்க் குழாய்களில் கோகோ வந்தது. சூப்புக்கு வைத்த அண்டாவில் கோகோ, சோளம் ஊற வைத்த பானையில் கோகோ. ரெனானின் மனைவி சுவாமி பீடத்து வெள்ளை லேஸ் துணியை அலசப் போட்டிருந்தாள். அவள் மாமியார் காலத்துத் துணி. எடுத்துப் பார்த்தால் காப்பி வடிகட்டிய துணி போல இருந்தது. அவள் போட்ட கூப்பாடு மேலூர் வரைக்கும் கேட்டது. பூசை முடிவதற்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: மேலூர்க்காரி நம் தண்ணீரைக் கெடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க் கூட்டம் என்று அறிவித்தார்கள். அதற்குள் காரணம் தெரிந்தாக வேண்டும். நானும் நிலையத்துக் காவல்காரரும் தொட்டியை வடித்தோம். ஏணி வைத்து உள்ளே இறங்கினேன். தகடு ஒவ்வொன்றின் மேலும் சேறு விரல் கனத்துக்கு ஏறிக் கிடந்தது, கேக்கில் கிரீம் தடவினாற்போல. கொஞ்சமும் வழுக்கவில்லை. நாளாக நாளாக ஏறி, இடுக்கெல்லாம் அடைத்து, மழைவெள்ளம் வந்ததும் மொத்தமாகப் பெயர்ந்து மேலே போயிருக்கிறது. தகட்டின் சாய்வைப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த சாய்வு. தலைக்கு மேலே காவல்காரரின் குடிசைக் கூரை தெரிந்தது, அதில் ஒரு பூனை வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

மாதாவே! எங்கள் ஊரில் கூரைச் சாய்வை அளக்க அளவுகோல் கிடையாது. பூனை ஏறிப் படுத்துத் தூங்க வேண்டும். பூனை நழுவாத கூரையில் ஓடும் நழுவாது. எலியோதோரோ வாழ்நாளெல்லாம் போட்டது அந்தச் சாய்வுதான், அவர் கைக்கு வேறு சாய்வு தெரியாது. தொட்டிக்குள்ளேயும் கூரை போட்டு வைத்திருக்கிறார். பூனை படுக்கிற இடத்தில் சேறு படுக்காதா?

படம் எடுத்து யெஸேனியாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"தோன்யா ரொசிபெல், தகட்டுல ஒரு குறையும் இல்ல. சாய்வுதான். நான் அனுப்புனதுல பாதிதான் நிமிர்ந்திருக்கு. கழட்டி வரைபடத்துல இருக்கிற மாதிரி வெச்சாப் போதும். யாரு இப்படி வெச்சது?"

"ஹலோ? ஹலோ? இங்க சரியாக் கேக்கலம்மா" என்று போனை வைத்தேன்.

நேராக எலியோதோரோவைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக் கூரை மேல் இருந்தார். கீழே இறங்கச் சொன்னேன். இறங்கினார். தொட்டியில் பார்த்ததைச் சொன்னேன், இஞ்சினியர் சொன்னதையும் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"தகடு மட்டமான சரக்கா இருக்கும்" என்றார்.

"இல்ல, கொம்பாத்ரே."

"படிகாரம் சரியாப் போடலியோ என்னவோ."

"கொம்பாத்ரே."

கையிலிருந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாலயும் சொல்லப் போறீங்களா?" என்று கேட்டார். "மழைக்கு அப்புறம் கோவில் கூரையை எனக்குத் தர்றதா ஃபாதர் சொல்லியிருக்காரு. எலியோவுக்குச் சாய்வு தெரியலைன்னு ஒரு பேச்சு வந்துட்டா..."

அந்தக் கோவில் கூரைதான் இருபது வருஷமாக அவருக்குக் கனவு. எனக்குத் தெரியும். அவர் மனைவி அதற்காக நவநாள் ஜெபம் வைத்தது எனக்குத் தெரியும். வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே நடந்தேன், அவரை, என்னை, அந்தப் பூனையை.

ஞாயிறு பூசை முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் கூட்டம். உட்கார இடமில்லை. ரெனான் எழுந்து நின்றார், பக்கத்தில் அவர் மனைவி லேஸ் துணியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள், ஏதோ ஊர்வலத்துக் கொடி மாதிரி.

"மேலூர்க்காரங்க மேல எனக்கு ஒரு பகையும் இல்ல" என்றார் ரெனான். "ஆனா இருந்த நல்ல தண்ணியையும் கெடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். நான் சொல்றது இதுதான். அந்தத் தகட்டையெல்லாம் கழட்டிக் கோழிக்கூண்டு கட்டுங்க. தொட்டி பழையபடி இருக்கட்டும். மேலூர்ப் பேச்சை இதோட முடிச்சுக்குவோம்."

கீழூர் பெஞ்சுகள் கைதட்டின. பின்னால் என் ஆட்கள் நின்றிருந்தார்கள். தாரியேல் என் தங்கையின் தோளில் கிடந்தான். அந்தப் பிள்ளைக்கு மறுபடியும் வயிறு போய்க்கொண்டிருந்தது.

"தகட்டுல கோளாறு இல்ல" என்றேன். "சாய்வு தப்பா வெச்சிருக்கு. நிமிர்த்தி வெச்சா சரியாயிடும். இஞ்சினியரே சொல்லிட்டாங்க."

"தப்பா வெச்சது யாரு?" என்று கேட்டார் ரெனான்.

எல்லாத் தலையும் ஜன்னலோரம் திரும்பியது. எலியோதோரோ அங்கே தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசட்டும் என்று காத்திருந்தேன். என்னால் முடிந்த மட்டும் காத்திருந்தேன். மனுஷன் வாயைத் திறக்கவில்லை. எட்டிப்போய் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது.

"நான்தான்" என்றேன்.

"நீங்களா?"

"நானேதான். கொத்தனார் படத்துல இருக்கிற மாதிரி வைக்கிறேன்னுதான் சொன்னாரு. நான்தான் கேக்கல. படுக்கையா வெச்சா அதிக சேறு பிடிக்கும்னு நின்னு வெக்க வெச்சேன். என் வாய் உங்களுக்குத் தெரியாதா?"

இதை நம்புவதற்கு ஒருவருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை. சிரிப்பு வெடித்தது. எங்கள் ஆட்களே சிரித்தார்கள். ரெனானுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. சந்தோஷத்தில் கொஞ்சம் இளகியும்விட்டார். கடைசியில் கூட்டம் சொன்ன தீர்ப்பு: நான் தலைவி பதவியை விட்டு இறங்க வேண்டும், ரெனான் ஏற்றுக்கொள்வார். தகட்டை மறுபடி வைக்கிற வேலை முழுக்க மேலூருடையது, கீழூரிலிருந்து ஒரு ஆள் வர மாட்டான். அடுத்த பெருமழைக்குத் தண்ணீர் கலங்கினால் தகடு கோழிக்கூண்டுக்கு, மேலூர் இனி எந்தக் கூட்டத்திலும் குழாய் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

"சரி" என்றேன். நிலையத்துச் சாவியைப் பாவாடைப் பையிலிருந்து எடுத்து ரெனான் கையில் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் மேலூர்ப் பெண்கள், ஆண்கள் எல்லோரும் நிலையத்துக்கு ஏறினோம். எங்களுக்கு முன்னாலேயே எலியோதோரோ அங்கே இருந்தார். சுத்தியல், உளி, கரண்டி, நூல்குண்டு எல்லாம் தரையில் வரிசையாக வைத்திருந்தார். கீழூர்க்காரர். கூட்டத்தின் முடிவுப்படி அவரும் வரக் கூடாது.

"காலை வணக்கம், கொமாத்ரே."

"கீழூர்ல இருந்து யாரும் வரக் கூடாதுன்னு முடிவு. உங்க காதுல விழல? நேத்து உங்களுக்கு எதுவுமே காதுல விழலன்னு நினைக்கிறேன்."

கடுஞ்சொல் இல்லைதான், ஆனால் சர்க்கரையும் இல்லை. அவர் காது சிவந்தது.

"நான் வேலைக்கு வரல" என்றார். "என் சாமான்களை மேல வெச்சிருந்தேன், எடுத்துக்கிட்டுப் போக வந்தேன்."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க."

"எடுத்துக்கிட்டுதான் போவேன். எப்பன்னு நான் சொல்லலியே." தொட்டிக்குள் இறங்கிவிட்டார்.

பெண்கள் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் கோபம் ஆறவில்லை.

அவர் கட்டிய சிமெண்டு விளிம்புகளை அவரே உடைக்க வேண்டியிருந்தது. முதல் அடியை ஓங்கினார், நிறுத்தினார், மறுபடி ஓங்கினார். நல்ல சிமெண்டு, நல்ல கை, எளிதில் உடையவில்லை. நாங்கள் தகடுகளை ஒவ்வொன்றாக மேலே தூக்கிக் கழுவி மரநிழலில் அடுக்கினோம். கைவிரலெல்லாம் வெந்தது. மதியம் ஒருத்தி எல்லோருக்கும் முட்டையும் தொர்த்தியாவும் கொண்டுவந்தாள். அவர் தனியாக ஒரு கல்மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். நான் காப்பியை மட்டும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

புதுச் சாய்வு எப்படி வைப்பது என்ற கேள்வி வந்தது. அவர் கை பழக்கதோஷத்தில் மறுபடியும் கூரையையே போடப் பார்த்தது, முதல் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் படுத்துக்கொண்டே வந்தது. அவரே அதைப் பார்த்துவிட்டு, ஈரமாக இருக்கும்போதே வழித்து எறிந்தார். போய் வருகிறேன் என்று மலையிறங்கினார். திரும்பி வந்தபோது தோளில் பள்ளிக்கூடத்துக் கரும்பலகை முக்கோணம், வாத்தியார் கோடு போடுகிற மரமுக்கோணம், தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுல அந்தக் கோணம் இருக்காம்" என்றார். "வாத்தியாரு காட்டினாரு. இனி என் கையை நம்ப வேண்டாம், இதை நம்புவோம்."

ஐம்பத்தெட்டு வயசில் அந்த மனுஷன் ஒவ்வொரு தகட்டுக்கும் முக்கோணத்தை வைத்துப் பார்த்தார். நன்றாகத் தெரிந்த வேலையைத் தெரியாதவன் மாதிரி செய்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குப் பார்த்தேன். தகடுகள் எல்லாம் எழுந்து நின்றபோது, ஏணி மாதிரி செங்குத்தாக, அசிங்கமாகத்தான் இருந்தன. "இந்தக் கூரைக்குக் கீழ நான் படுக்க மாட்டேன்" என்றார். அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஜூன் மாதப் பெருமழை ஒரு காலையில் வந்தது. ஆறு கலங்கிச் சிவப்பாக ஓடியது. கீழூரே குடை பிடித்துக்கொண்டு நிலையத்துக்கு ஏறி வந்தது, நாங்கள் குடையில்லாமல் நின்றோம். ரெனான்தான் இப்போது தலைவர், அவர்தான் வால்வைத் திறக்க வேண்டும். ரெட்டிப்பாகத் திறந்தார். சேற்றுத் தண்ணீர் தொட்டிக்குள் புகுந்தது. கொஞ்ச நேரம் மேலே செம்புழுதி போலச் சுழன்றது, "அவ்வளவுதான்" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு இடுக்குகளிலிருந்து தெளிந்த தண்ணீர் ஏறத் தொடங்கியது. உற்றுப் பார்த்தால் தகட்டின் மேல் சேறு பஞ்சு பஞ்சாக உட்காருவதும், உட்கார்ந்த வேகத்தில் வழுக்கி இருட்டுக்குள் இறங்குவதும் தெரிந்தது. நிற்கவே இல்லை, இறங்கிக்கொண்டே இருந்தது.

மழை விட்ட பிறகும் யாரும் போகவில்லை. மணலும் குளோரினும் தாண்டி வந்த தண்ணீரை ரெனான் கண்ணாடி டம்ளரில் பிடித்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மனைவியிடம் காட்டினார். முழுவதையும் குடித்தார்.

"தண்ணி நல்லா இருக்கு" என்றார். பிறகு, அது அவருக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மேலூருக்குத் தோண்ட ஆரம்பிக்கலாம்" என்றார். அவரையும் கட்டிக்கொள்ள நினைத்தேன், அவர் மனைவி முறைத்துக்கொண்டு நின்றதால் விட்டுவிட்டேன்.

குழாய் திறப்பு விழாவை மேலூர் மைதானத்தில் வைத்தார்கள். வாழைமரம், காகிதத் தோரணம், கித்தார் இரண்டு. ரெனான் இஸ்திரி போட்ட சட்டையோடு நின்று நீளமாகப் பேசினார், தன் தலைமையில், தன் முயற்சியில் என்று. நான் பின்வரிசையில் வாளியோடு நின்றேன். பேசிக்கொள்ளட்டும். பதவி போனால் போகட்டும், பெயர் போனால் போகட்டும், குழாய் என் கண்ணெதிரே இருந்தது. ஃபாதர் ஜெபம் சொல்லிக் குழாயை மந்திரித்தார். ரெனான் திருகினார். குழாய் முதலில் சீறியது, இருமியது, துருத் தண்ணீர் துப்பியது. பிறகு வெள்ளை வெளேரென்று தண்ணீர் கொட்டியது. யாரும் கைதட்டவில்லை. என் தங்கை தாரியேலை இறக்கி விட்டாள், அவன் நேராகப் போய்க் குழாய்க்குக் கீழே வாயைத் திறந்தான், வயிறு நிறையக் குடித்தான். ஓடையில் ஏறி இறங்கி வளைந்துபோன முதுகுகளெல்லாம் என்னைச் சுற்றி அழுதன. நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

என் முறை வந்தது. வாளியை நிறைத்துத் தூக்கும்போது, எலியோதோரோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். தொப்பியைக் கழற்றினார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நான் ஊருக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றார். சத்தமாகவே. "ரொம்ப நாளைக்கு முன்னாடியே சொல்லியிருக்க வேண்டியது. அந்தத் தொட்டியில சாய்வு..."

ரெனான் காதைத் தீட்டிக்கொண்டார். ஃபாதர் நிமிர்ந்து பார்த்தார். அட பாவி மனுஷா! பேச வேண்டிய அன்றைக்குத் தொப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். இப்போது தண்ணீர் வந்த பிறகு, கோவில் கூரையைத் தொலைக்க, இன்னொரு ஊர்க் கூட்டத்தைக் கூட்ட, இந்த நேரம் பார்த்து மனசு உறுத்துகிறதா உனக்கு? அத்தனை நாள் அடக்கி வைத்த கோபமெல்லாம் என் கைக்கு வந்துவிட்டது. வாளியை அப்படியே தூக்கி அவர் தலையில் கவிழ்த்தேன்.

"அந்தச் சாய்வு..." என்று தொடங்கியவர் தண்ணீரை விழுங்கிவிட்டு இருமினார்.

மேலூரில் தண்ணீரைச் சும்மா கீழே கொட்டி அதுவரை யாரும் பார்த்ததில்லை. பிறகு ஏதோ ஒரு பெண் ஊளையிடுகிற மாதிரி கத்திக்கொண்டு தன் வாளியைப் புருஷன் மேல் கொட்டினாள். அவ்வளவுதான். அடுத்த நிமிஷம் எல்லோரும் எல்லோர் மேலும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ரெனானின் சட்டை ஒட்டிக்கொண்டது. அவர் மனைவி கூப்பாடு போட்டபடியே ஒரு செம்பைத் தேடினாள். கித்தார்க்காரர்கள் வாழைமரத்துக்குப் பின்னால் ஓடினார்கள். தண்ணீர் சரிவில் ஓடிக் கீழூரை நோக்கி இறங்கியது, யாரும் அதைத் தடுக்கவில்லை.

எலியோதோரோ சொட்டச் சொட்ட என் எதிரில் நின்றார்.

"கொமாத்ரே, நான் சொல்ல வந்தது..."

"தெரியும். இனி இதைப் பத்தி வாயைத் திறந்தீங்கன்னா இன்னொரு வாளி இருக்கு. போய்க் கோவில் கூரையைப் போடுங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கையிலிருந்து காலி வாளியை வாங்கினார். குழாய்க்குக் கீழே வைத்து, அது நிறைகிற வரைக்கும் பொறுமையாக நின்றார். தளும்பத் தளும்ப இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"உங்க அனுமதியோட, கொமாத்ரே" என்றார் முழு மரியாதையோடு.

"தாராளமா, கொம்பாத்ரே" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.